மத்தியானம் வரைக்கும்

கோட்டின் வலப்பக்கத்தில் மெடலைக் குத்திவிட்டுச் சத்தியவதி நிமிர்ந்தபோது, சுவிசேஷமுத்து கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, கோணலா இருக்கா?"

"வலதுபக்கம் செத்தவன் வீட்டாளுவ குத்துறது சத்யா. உயிரோட இருக்கவன் இடதுபக்கம் குத்தணும்."

அவள் அப்பா ராணுவத்தோடு இலங்கைக்குப் போய்த் திரும்பாதவர். ஒவ்வொரு வருடமும் கன்டோன்மென்ட் விழாவுக்கு அம்மா கிளம்பும்போது, அப்பாவின் மெடலை அம்மாவின் வலதுமார்பில் குத்திவிடுவது பன்னிரண்டு வயதிலிருந்து சத்தியவதியின் வேலை. அவள் கைக்குத் தெரிந்தது அந்த ஒரு பக்கம்தான். கணவரின் வீர் சக்ராவோ கல்யாணமான நாள் முதல் பீரோவை விட்டு வெளியே வந்ததேயில்லை. கார்கில் நாளுக்கு யார் கூப்பிட்டாலும் முதுகுவலி என்பார். இந்த வருடம் மட்டும் தட்ட முடியவில்லை. அவரோடு போரில் இருந்து இறந்துபோன கந்தசாமியின் மனைவி மல்லிகா, இதே மராட்டிய நகரத்தில், கராடிப் பகுதியில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தாள். விழாவுக்கு வருகிறேன், உங்களைப் பார்க்க வேண்டும் என்று போன் செய்திருந்தாள். விழா முடிந்ததும் இங்கே சாப்பாடு என்று சத்தியவதிதான் சொல்லிவைத்தாள்.

"தெரியாமக் குத்திட்டேன். மாத்திருதேன்." கையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு. சரியான பக்கத்துலதான் இருக்கு."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இருபத்துநான்கு வருட இல்லறத்தில் அவர் சொல்லாததை, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கந்தசாமி ஒடனே சாகல. மூணு பேரு அடிபட்டு மேல கெடந்தானுவ. ரெண்டு பேருக்குக் கால்ல அடி, தூக்கிட்டு வந்தாப் பொழைப்பானுவ. கந்தசாமிக்கு வயித்துல. பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. திரும்பி வாரேன்லன்னு சொல்லிட்டு, அவனத் தாண்டித்தான் மத்த ரெண்டு பேரையும் ஒவ்வொருத்தனாத் தூக்கிட்டு வந்தேன். ரெண்டாமத்தவன எறக்கும்போது விடிஞ்சிட்டு. சுட ஆரம்பிச்சிட்டானுவ, தலையத் தூக்க முடியல. பாறைக்கடியில படுத்துக் கேட்டுக்கிட்டே கெடந்தேன். மத்தியானம் வரைக்கும் கூப்பிட்டான். எம்பேரச் சொல்லித்தான் கூப்பிட்டான்."

வெளியே, அவர்கள் குடியிருந்த கட்கியில், மழை தகரக் கூரைகளில் கொட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கும் மனிதர், பிள்ளைகள் 'முத்து' என்று விளையாட்டாகக் கூப்பிட்டால்கூடச் சுருங்கிப்போகும் மனிதர். எத்தனையோ இரவுகள் 'என்கிட்ட பிரியமில்லையோ' என்று சுவரைப் பார்த்துப் படுத்து அழுதிருக்கிறாள். இப்போது அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"மல்லிகாகிட்ட என்ன சொன்னிய?"

"சவப்பொட்டியோட ஊருக்குப் போனப்ப, ஒண்ணும் தெரிஞ்சிருக்காதும்மா, ஒடனே போயிட்டான்னேன்."

"இன்னிக்குச் சொல்லிருங்க. அவ புருஷன். அவளுக்குத் தெரியணும்ல? எத்தன காலம் நீங்க ஒத்தையாச் சுமப்பிய?"

அவர் மெடலைத் தானே கழற்றி இடப்பக்கம் குத்திக்கொண்டு கிளம்பினார்.

மத்தியானம் வீடு மல்லிகாவின் பேச்சால் நிறைந்திருந்தது. ஐம்பதை நெருங்கும் வயதிலும் படபடவென்று பேசும் பெண்.

"அக்கா, காலைல இவன் போஹா வாங்கிக் குடுத்தானுங்க. அவல் உப்புமாவுக்கு இத்தன அலட்டலான்னு கேட்டேன், கோவிச்சுக்கிட்டான்."

"மம்மி, ப்ளீஸ்," என்றான் மகன் ஹர்ஷா. அப்பா இறந்தபோது ஏழு மாதக் குழந்தை. அதற்குள் ஆபீஸிலிருந்து போன் வர, கையைக் கழுவிவிட்டுப் பால்கனிக்குப் போனான்.

மல்லிகா அவன் முதுகையே பார்த்தாள். "நடை அப்பிடியே அவருதுங்ணா." பிறகு குரல் தணிந்தது. "அண்ணா, ஒண்ணு சொல்லோணும்னுதான் வந்தேன். அன்னிக்கு நீங்க சொன்னீங்கல்ல, ஒடனே போயிட்டாருன்னு. அந்த வார்த்தையப் பிடிச்சுக்கிட்டுத்தான் இவன வளத்தேனுங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த சுவிசேஷமுத்துவின் கை நின்றது. அவர் மனைவியைப் பார்த்தார். வேண்டாம் என்று ஒரு தலையசைப்புப் போதும், அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். சத்தியவதி அதை உணரவும் செய்தாள். ஆனால் அவள் கண்முன் நின்றது, இரவெல்லாம் அவர் உட்கார்ந்தே தூங்கும் அந்த நாற்காலிதான். 'சொல்லுங்க' என்று கண்ணாலேயே சொன்னாள்.

அவர் சொன்னார். காலையில் சொன்னது போலவே, எதையும் மறைக்காமல். முடிந்ததும் மல்லிகா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எத்தன மணி வரைக்குங்ணா?"

"பன்னெண்டு, பன்னெண்டரை இருக்கும்மா."

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குத்தான் பழனில இவனுக்கு மொட்டை. பன்னெண்டு மணிக்குப் பந்தி போட்டாங்க. அவரு விடியறதுக்கு முன்னாலயே போயிட்டாரு, நாம சிரிச்சதெல்லாம் அவருக்குத் தெரியாதுன்னுதானுங்க இத்தன வருஷமும்..." நிறுத்தினாள். "பாயசம் ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிக் குடிச்சேனுங்ணா."

எழுந்தாள். கை கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். போன் பேசிவிட்டு வந்த மகனிடம், "கெளம்பலாம் சாமி, தல வலிக்குது," என்றாள்.

சத்தியவதி ஒரு டப்பாவில் கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டு மாடிப்படிகளில் இறங்கி ஓடினாள். ஹர்ஷா காரைத் திருப்பிக்கொண்டிருந்தான். மல்லிகா டப்பாவை வாங்கவில்லை.

"அண்ணனச் சொல்லச் சொன்னது நீங்கதானுங்களா அக்கா?"

"ஆமா."

"அண்ணன் பாவம், எனக்குத் தெரியுதுங்க. ரெண்டு உசுரக் காப்பாத்துனவரு. தப்புன்னு சொல்ல எனக்கு வாயில்ல." மழைநீர் அவள் நெற்றியில் வழிந்தது. "ஆனா இனி நான் உங்க வீட்டுக்கு வரமாட்டேனுங்க. அண்ணன் கொரலக் கேட்டா, அவரு கூப்பிட்டதுதான் கேக்கும். போன் பண்ண வேண்டாம்னு சொல்லிருங்க."

கார் தெருமுனை திரும்பும்வரை சத்தியவதி சூடான டப்பாவைக் கையில் ஏந்தியபடியே நின்றாள்.

மேலே, அவர் சாப்பிட்ட இடத்திலேயே இருந்தார். கையில் சோறு காய்ந்திருந்தது. அவளைக் கண்டதும் பள்ளிக்கூடத்தில் ரிசல்ட்டுக்கு நிற்கும் பையனைப் போல முகத்தைத் தூக்கினார்.

"என்ன சொல்லிச்சு மல்லிகாப் பிள்ள?"

அவருடைய கண்களில் இப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்ததேயில்லை. இத்தனை வருடங்களில் ஒரு நாள்கூட.

"நீங்க சொன்னது நல்லதாப் போச்சுன்னாங்க," என்றாள் சத்தியவதி. "ஊருக்குப் போறதுக்கு முன்னால இன்னொரு தடவ வருவாங்களாம்."

"நெசமாவா?"

"ஆமாங்க. கையக் கழுவுங்க."

அவர் எழுந்து போனார். மல்லிகா பாதியில் வைத்துவிட்டுப் போன தட்டை எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்குள் நுழைந்தாள். தன் அழுகை அவர் காதில் விழாதபடி, கதவைச் சாத்திக்கொண்டாள்.