எட்டாவது கார்க்

பலகையில் எட்டுக் குழிகள். ஏழில் ரப்பர் கார்க் இருந்தது. எட்டாவது காலி.

கலர் அக்கா அதைப் பார்த்தபோது காலை ஒன்பதரை. தெருவில் எல்லாருக்கும் அவள் கலர் அக்காதான்; சொந்தப் பெயர் மின்சார ரசீதில் மட்டும் இருந்தது. துப்பாக்கிகளுக்கு நிறப்பூச்சு போடுவது அவள் தொழில். துருப்பிடிக்காது, கீறல் விழாது, கேட்ட நிறத்தில் கிடைக்கும். காவலுக்குப் போகிறவர்கள், போட்டியில் சுடுகிறவர்கள், பழைய துப்பாக்கியை வைத்துக்கொண்டு புதுசு என்று பீற்றிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள், எல்லாரும் அவளிடம்தான் வந்தார்கள்.

அவள் கணவர் துப்பாக்கியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிக் கொடுப்பார். அவள் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, மணல் வீசிச் சொரசொரப்பாக்கி, குழலை இரண்டு பக்கமும் கார்க்கால் அடைத்துவிட்டுப் பூச்சை அடிப்பாள். பிறகு ஆளுயர அடுப்பில் இரண்டு மணி நேரம் வேக வேண்டும். ஆறியதும் அவர் கார்க்கை எடுத்துவிட்டுப் பழையபடி பூட்டுவார்.

மற்ற பட்டறைகளில் கார்க்கின் வாலை வெளியே நீட்டிக்கொண்டிருக்க விடுவார்கள். அப்படி விட்டால் குழல் வாயைச் சுற்றி ஒரு வளையம் பூச்சு ஏறாமல் மொட்டையாக நிற்கும். கலர் அக்காவுக்கு அது பிடிக்காது. வாலை நறுக்கிவிட்டு, கார்க்கை ஒரு நகக்கண் ஆழத்துக்கு உள்ளே தள்ளிவிடுவாள். விளிம்பு வரைக்கும் நிறம் ஏறும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். இதில் ஒரே ஒரு சங்கடம், பூச்சு பட்ட கார்க்கும் குழலும் ஒரே கறுப்பாகி, அடைத்த வாய் வெறும் துவாரம்போலத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு துப்பாக்கியோடும் ஒரு சீட்டு போகும். கார்க் எத்தனை போட்டது, எத்தனை எடுத்தது, குழலுக்குள் வெளிச்சம் பார்த்தது யார், கீழே கையெழுத்து. பதினோரு வருஷத்தில் ஒரு சீட்டுகூடத் தவறியதில்லை.

முந்தாநாள் மகளுடைய துப்பாக்கிக்கு மட்டும் எழுதவில்லை.

"இதுக்குமா சீட்டு? நம்ம பொண்ணு நம்ம மேல கேஸா போடப் போறா?" என்று அவர் கேட்டார். அவளும் சிரித்தாள். மகளுக்கு முதல் பெரிய போட்டி. தோளில் வைக்கிற கட்டைக்கு மயில்கழுத்து நிறம், குழலுக்குக் கரிக் கறுப்பு. அடுப்பிலிருந்து எடுத்ததும் நிறம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கிற அவசரத்தில், பின்பக்கத்துப் பெரிய கார்க்கை அவளே பிடுங்கிவிட்டாள். முன்பக்கத்தை அவர் எடுப்பார் என்று விட்டுவிட்டாள்.

மேசைக்கு அடியில் தேடினாள். அடுப்பின் தரையைக் கையால் துழாவினாள். ஏப்ரன் பையை உதறினாள். இந்த வாரம் அந்த அளவுக் கார்க் போனது ஒரே ஒரு குழலுக்குத்தான்.

"என்னங்க, பாப்பா துப்பாக்கியில முன்பக்கக் கார்க்கை எடுத்தீங்களா?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நீ எடுத்துட்டேல்ல? என்கிட்ட வரும்போதே பின்னாடி கார்க் இல்லையே."

"பின்னாடி மட்டும்தான் எடுத்தேன்."

"ரெண்டையும் நீயே எடுத்துட்டேன்னுல்ல நான் நினைச்சேன்."

"வெளிச்சம் பார்த்தீங்களா?"

அவர் எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

அடைத்த குழலில் சுட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப் பிளந்த குழல் ஒன்றை ஒருவர் ஒருமுறை பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார், இதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டுக்கொண்டு. அவருடைய இடதுகையில் மூன்று விரல்கள்தான் இருந்தன. மகள் கன்னத்தைக் கட்டையில் ஒட்டவைத்துச் சுடுகிறவள்.

மகளுக்குப் போன் அடித்தாள். அணைத்து வைத்திருந்தது. இன்றுதான் போட்டி; போட்டி நாளில் எல்லார் போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். சுடுமைதானத்து அலுவலகத்துக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கத்தான் ஆள் இல்லை.

ஸ்கூட்டரை அவர் ஓட்டினார். பூச்சு அடிக்கப் போடுகிற முகமூடி அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது; கழற்றத் தோன்றவில்லை.

"ராத்திரி துடைக்கும்போது அவளே பார்த்திருப்பா," என்றார் அவர் திரும்பாமல். "அவ ரொம்ப உஷாரு. அடுத்தவன் துப்பாக்கியைக்கூட வாங்கிக் குழலைப் பார்த்துட்டுத்தான் குடுப்பா."

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

"நான் பார்த்திருக்கணும்."

"நான் எழுதியிருக்கணும். ஓட்டுங்க."

ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு. யாரோ வேண்டுமென்றே செய்வதுபோல் இருந்தது. முன்னால் மெத்தை ஏற்றிக்கொண்டு போன வண்டிக்காரனை அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதில்லை. அவருக்கும் பயம் என்று தெரிந்ததும் அவள் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

சுடுமைதானம் வருவதற்கு முன்பே வேட்டுச் சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் அவர் தோளை இறுக்கிப் பிடித்தாள். அடுத்த சத்தம் வந்தால், அப்பாடா, சுடுவதை யாரும் நிறுத்தவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். திடீரென்று எல்லாம் ஓய்ந்தது. அந்த அமைதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வாசல் காவலாளி நோட்டை நீட்டினார். "பேரு, விலாசம், வந்த காரியம், எல்லாம் எழுதிட்டுப் போங்கம்மா."

"என் பொண்ணு உள்ள இருக்கா."

"எல்லார் பொண்ணும் உள்ளதான் இருக்கு. எழுதிட்டுப் போங்க."

பேனாவைக் கணவர் கையில் திணித்துவிட்டு அவள் ஓடினாள். காவலாளி பின்னால் கத்தினார். நாற்பத்தாறு வயதில், ஏப்ரனும் ரப்பர் செருப்புமாக, தன்னால் அப்படி ஓட முடியும் என்று அவளுக்கே தெரியாது.

முதல் அணி முடித்துவிட்டது. இரண்டாவது அணி படுத்திருந்தது. அதனால்தான் அந்த அமைதி. பன்னிரண்டு பாய்கள், பன்னிரண்டு பேர். ஏழாவது பாயில் மயில்கழுத்து நிறம் மின்னியது. மகள் துப்பாக்கியின் பின்பூட்டைத் திறந்து தோட்டாவைப் போட்டு மூடினாள். தலையைச் சாய்த்துக் கன்னத்தைக் கட்டையில் வைத்தாள். சின்ன வயதில் தலையணையில் சாய்வதும் அப்படித்தான்.

ஆபத்து என்று கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் நிறுத்து என்று கத்தலாம், அப்போது எல்லாரும் கையை எடுத்துவிட வேண்டும். இந்த விதியை மகள்தான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். கலர் அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

மகளின் விரல் விசைக்குப் போனது.

"நிறுத்து."

அது தன் குரல்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரோ அடிபட்டவர் கத்துவதுபோல் இருந்தது. விசில் ஒலித்தது. பன்னிரண்டு கைகளும் துப்பாக்கியை விட்டு விலகின. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மா வந்து போட்டியைக் கெடுத்துவிட்டாள் என்ற எரிச்சல் பதினொரு முகங்களில் இருந்தது. பன்னிரண்டாவது முகம் அவமானத்தில் சிவந்திருந்தது.

"அம்மா, என்ன பண்றே?" என்றாள் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஏழாம் நம்பர் குழல் அடைச்சிருக்கு," என்று நடுவரிடம் சொன்னாள் கலர் அக்கா. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நடுவர் ஒல்லியான பெண்மணி. மகளுடைய துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தார். பின்பூட்டை உருவி வைத்துவிட்டுக் குழலை வானத்தைப் பார்க்கத் தூக்கி, பின்பக்கம் கண்ணை வைத்தார். வெகுநேரம் பார்த்ததுபோல் இருந்தது. பிறகு துடைக்கிற கம்பியை உள்ளே விட்டு ஓங்கித் தள்ளினார். கறுப்பாக ஒன்று பாயில் விழுந்தது. இரண்டு மிளகை ஒட்டவைத்த அளவு.

பக்கத்துப் பாயில் இருந்தவர் எழுந்து இரண்டடி தள்ளி நின்றார்.

"இதை யார் சரிபார்த்துக் குடுத்தது?" என்று கேட்டார் நடுவர்.

"யாரும் பார்க்கல," என்றாள் கலர் அக்கா. "நான்தான் பூச்சு போட்டேன். நான் பார்க்கல."

நடுவர் மகளிடம் திரும்பினார். "நீயும் பார்க்கலையா? மத்தவங்களோடதை எல்லாம் வாங்கி வாங்கிப் பார்ப்பியே."

மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கோபம் போய்விட்டது, ரத்தமும் போய்விட்டது. கட்டையில் ஒட்டியிருந்த கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அம்மாவைப் பார்த்தாள்.

"நீ பண்ணினது ஆச்சேம்மா," என்றாள். "அதான் பார்க்கல."