தேதியின் மேல் தாளாளர்

அழைப்பிதழில் பத்தரை மணி என்று போட்டிருந்த ஊடக விழிப்புணர்வு விழாவுக்குத் தாளாளர் பெரியநாயகசாமி பன்னிரண்டு மணிக்கு வந்தார். பேனரில் மட்டும் முதல் நாளே வந்துவிட்டிருந்தார். பத்தடி உயரம், கட்டிய கை, பின்னால் சுழலும் பூமி. விழாவின் பொருளைக் காட்ட ஒரு பூதக்கண்ணாடியும் அதில் இருந்தது, அவர் முழங்காலுக்குப் பக்கத்தில்.

மயிலாடுதுறையிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் வயல்களுக்கு நடுவே நிற்கிறது அருளப்பன் நினைவு மெட்ரிகுலேஷன் பள்ளி. அருளப்பன் தாளாளரின் தகப்பனார். நான்காம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். அவர் நினைவாகத்தான் பள்ளிக்கூடம்.

அது ஐப்பசி முதல் வாரம், குறுவை அறுவடை. வந்திருந்த பெற்றோரில் பாதிப் பேர் சாலையில் நெல்லைக் காயப்போட்டுவிட்டு வந்தவர்கள். மேடையைப் பார்ப்பதும் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று கேள்விகளை ஒப்பித்தார்கள். இதை முதலில் சொன்னது யார்? எந்தத் தேதியில்? அசல் எங்கே இருக்கிறது? சொல்லிக்கொடுத்தது பிரின்ஸி மிஸ். தாளாளரின் உரையை எழுதிக்கொடுத்ததும் அவர்தான். தாளாளர் மூன்றாம் பக்கத்தை இரண்டாம் பக்கத்துக்கு முன்னால் வாசித்தார். யாரும் வித்தியாசம் காணாததால் நன்றாகவே கைதட்டினார்கள்.

கடைசியில் தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொந்தமாகப் பேசினார். "எனக்கு ஒரு நாளைக்கு நானூறு மெசேஜ் வருது. ஒவ்வொண்ணையும் மூணு தடவ படிச்சு, ஆராய்ஞ்சு, அதுக்கப்புறம்தான் உங்களுக்கு அனுப்புறேன். நீங்களும் அப்படியே இருக்கணும். எல்லாரும் எந்திரிச்சு வலது கையத் தூக்குங்க."

தூக்கினார்கள். சரிபார்க்காத எதையும் பகிர மாட்டோம் என்று முந்நூறு பேர் உறுதி எடுத்தார்கள். படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவையும் எடுத்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஆறே காலுக்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் தாளாளரின் செய்தி வந்தது. கொள்முதல் நிலையங்களில் இருபத்திரண்டு சதவீதம் வரை ஈரப்பதமுள்ள நெல்லை வாங்கலாம் என்று ஓர் அரசாங்க ஆணை. அதற்குக் கீழே, "விவசாயப் பெருமக்களுக்கு இனிப்பான செய்தி. உடனே பயன்படுத்திக்கொள்ளவும்." எந்தப் படத்தை அனுப்பினாலும் அதன் வலது மேல் மூலையில் தன் முகமும், அடியில் 'உண்மையின் வழியில் உங்கள் தாளாளர்' என்ற வரியும் தானாக ஒட்டிக்கொள்ளும்படி ஒரு செயலியை அவர் போனில் ஏற்றி வைத்திருந்தார். இந்த ஆணையிலும் அந்த மூலையில் வெள்ளைச் சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

ரெமிஜியஸ் அப்போது சாலையில் இருந்தார். ஆறு மா குத்தகை நிலம். போன வருஷக் குறுவை தண்ணீர் வராமல் போனது. இந்த வருஷத்தது முழுவதும் தார்ச்சாலையில் நூறடி நீளத்துக்கு விரித்துக் கிடந்தது. முந்தின நாள் ஒரு கை நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்ததில் மெஷின் இருபத்தொன்று காட்டியது. பதினேழுக்கு மேல் வாங்க மாட்டார்கள். பட்டியல் எழுத்தர் துரைராசு, "இன்னும் ரெண்டு வெயில் காட்டிக் கொண்டாங்க, கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். அந்த இரண்டு வெயில் சனியும் ஞாயிறும்தான். திங்கள் முதல் மழை என்று எல்லாரும் சொன்னார்கள்.

"சகாயம், சாக்கை எடு" என்றார் ரெமிஜியஸ். "இருபத்திரெண்டு வரைக்கும் எடுக்கிறானாம். தாளாளரு போட்டிருக்காரு."

காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த சகாயம்மாள் சாக்கு எடுக்கப் போனாள். மகள் ஆஷ்லின் போனை வாங்கிப் பார்த்தாள். எட்டாம் வகுப்பு. முதல் நாள் மேடையில் இரண்டாவது கேள்வியைச் சொன்னவள்.

"அப்பா, இதுல தேதி இல்ல."

"இருக்கும், நல்லா பாரு."

"தேதி இருக்க வேண்டிய எடத்துல தாளாளரு இருக்காரு."

ஆணையின் எண் மட்டும் தெரிந்தது. அதைப் போட்டுத் தேடினாள். இரண்டு நிமிஷத்தில் ஒரு பத்திரிகைப் பக்கத்தில் அதே கடிதம் கிடைத்தது. அதே எண், அதே கையெழுத்து. மூலையில் முகம் இல்லாததால் தேதி தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தையது. அந்தப் பருவத்துக்கு மட்டும் என்று கடைசி வரியில் இருந்தது.

ரெமிஜியஸ் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானே."

"அதத்தாம்ப்பா சொல்றேன். ரெண்டும் ஒண்ணு. பழசு."

"அப்பக் குடுத்தான், இப்பவும் குடுக்கிறான். அதே லெட்டரத்தான போடுவான். ஒவ்வொரு வருஷமும் புதுசா எழுதிக்கிட்டு இருப்பானா?"

"நம்பர் மாறுமேப்பா. தேதி மாறுமே."

"இந்தா பாரு ஆஷ்லின். நேத்துதான் எங்க அத்தன பேரு கையையும் தூக்கச் சொல்லி சத்தியம் வாங்குனாரு. விடிஞ்சதும் அவரே தப்பாப் போடுவாரா?"

இதற்கு என்ன சொல்வதென்று பிரின்ஸி மிஸ் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆஷ்லின் அவருக்கே போன் செய்தாள்.

"மிஸ், அது பழசு மிஸ்."

"பாத்தேம்மா."

"நீங்க குரூப்ல சொல்லுங்க மிஸ். அப்பா சாக்குல அள்ளுறாங்க."

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. "அவருக்குத் தனியா அனுப்பியிருக்கேன். பாத்துட்டு அவரே எடுத்துருவாரு."

பிரின்ஸி மிஸ் அனுப்பியது இது: 'மிகவும் பயனுள்ள செய்தி ஐயா. நேரம் இருந்தால் தேதியை மட்டும் ஒருமுறை பார்க்கலாமா ஐயா.' பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷமாகியும் இன்னும் தற்காலிகத்தில் இருப்பவர், அந்தக் கட்டைவிரலுக்கு மேல் எதையும் கேட்கவில்லை.

ஆஷ்லின் அம்மாவின் போனிலிருந்து தானே குரூப்பில் எழுதினாள். 'ஐயா, இந்த ஆணை இரண்டு வருடத்துக்கு முந்தையது. தேதி உங்கள் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. யாரும் நெல்லை அள்ள வேண்டாம்.' கூடவே பத்திரிகைப் பக்கத்தையும் போட்டாள்.

ஐந்து நிமிஷத்தில் ஒருவர் கேட்டார்: 'இது யார் நம்பர்?' இன்னொருவர் சொன்னார்: 'ரெமிஜியஸ் வீடு.' மூன்றாமவர்: 'ஒரு நல்லது செய்தாலும் குறை சொல்ல ஆள் இருக்கு.' அதற்குப் பதினெட்டு கும்பிடு. பத்திரிகைப் பக்கத்தை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. பின்பு, இனி நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும் என்று போன் அறிவித்தது.

ரெமிஜியஸ் போனைப் பிடுங்கினார். "ஏண்டி, தாளாளரோட மல்லுக்கு நிக்கிற அளவுக்கு வந்துட்டியா? நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போறது?"

"நெல்லு போயிருமேப்பா."

"போகாது. எடு கைய."

பத்து மணிக்கு டிராக்டரில் ஏற்றினார். டிராக்டர் தெருமுனை திரும்புவதற்குள் காலியான நூறடிச் சாலையில் பக்கத்து வீட்டுக்காரர் தன் நெல்லைக் கொட்டிப் பரப்பிவிட்டார். அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இல்லை. அதனால் செய்தி வரவில்லை.

கொள்முதல் நிலையத்தில் ஏற்கெனவே பதினான்கு டிராக்டர் நின்றது. எல்லாரும் முதல் நாள் கை தூக்கியவர்கள். துரைராசு ஒரு பிடி நெல்லை மெஷினில் போட்டார். இருபது.

"நேத்து சொன்னேன்ல அண்ணே, இன்னும் ரெண்டு வெயில் வேணும்னு. ஏன் அள்ளுனீங்க?"

"ஆர்டர் வந்துருச்சே" என்று ரெமிஜியஸ் போனைக் காட்டினார்.

துரைராசு பெரிதாக்கிப் பார்த்தார். "இது யாரு படம்?"

"எங்க தாளாளரு."

"அவரு எப்ப உணவுத்துறைக்கு வந்தாரு?"

"ஏங்க, கிண்டல் பண்ணாதீங்க. கீழ கையெழுத்து இருக்குல்ல."

"கையெழுத்துப் போட்டவரு ரிட்டயர் ஆகிப் பேரனப் பாத்துக்கிட்டு இருக்காரு அண்ணே. எனக்கு ஆர்டர் எதுவும் வரல. கொண்டுபோய்க் காயப்போடுங்க. இன்னிக்கு அரை வெயிலும் நாளைக்கு ஒரு வெயிலும் கெடைக்கும்."

அப்போதே திரும்பியிருந்தால் தப்பித்திருக்கலாம். வரிசையில் நின்றவர்கள் தாளாளருக்குப் போன் செய்தார்கள். அவர் எடுக்கவில்லை. அரைமணி கழித்துக் குரூப்பில் அவர் குரல் வந்தது: "ஆணை மேலிடத்துலேருந்து வந்துக்கிட்டே இருக்கு. சில அதிகாரிகளுக்குத் தகவல் போய்ச் சேரல. நெல்ல யாரும் திருப்பி எடுத்துட்டுப் போக வேணாம். உறுதியா நில்லுங்க."

உறுதியாக நின்றார்கள். மூட்டைகளை இறக்கி நிலையத்து வாசலில் அடுக்கினார்கள். சாயங்காலம் சாப்பாடு கொண்டுவந்த ஆஷ்லின் ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது.

"அப்பா, நாளைக்கு ஒரு வெயில் இருக்கு. பங்குக் கோயில் வாசல்ல எடம் கேப்போம். ஃபாதர் வேணாம்னு சொல்ல மாட்டாரு."

ரெமிஜியஸ் வரிசையைப் பார்த்தார். "இத்தன பேரு நிக்கிறாங்க. நான் மட்டும் மூட்டையத் தூக்கிட்டுத் திரும்புனா என்ன நெனைப்பாங்க? நீ குரூப்ல போட்டது போதும்."

ஞாயிறு நிலையத்துக்கு விடுமுறை. வெயில் நன்றாகவே அடித்தது, சாலையில் கிடந்த பக்கத்து வீட்டுக்காரரின் நெல்லின் மேல். மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. திங்களுக்குச் சொன்ன மழை ஒரு நாள் முன்னதாகவே வந்து, திங்கள் முழுக்க நின்று பெய்தது. பதினைந்து பேருக்கு நான்கு தார்ப்பாய். செவ்வாய் மதியம் ரெமிஜியஸ் முதல் மூட்டையைப் பிரித்தபோது உள்ளேயிருந்து ஆவி வந்தது. நெல்லெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை கட்டியிருந்தது. அறுபது மூட்டையும் அப்படித்தான். கோழித் தீவனத்துக்குக்கூட யோசிப்பேன் என்றார் பார்க்க வந்த வியாபாரி.

வியாழக்கிழமை பதினைந்து பேரும் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். கேட்டில் வைத்தே கேட்டுவிடுவது என்று போனவர்களைத் தாளாளர் வாசல்வரை வந்து, தோளில் கைபோட்டு, அரங்கத்துக்குள் அழைத்துப்போனார். நாற்காலி போட்டிருந்தது. டீ வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

"உங்க மனசு எனக்குத் தெரியும்" என்றார் மைக்கில். "இப்ப ஒரு உண்மையச் சொல்லிடுறேன். நான் அனுப்புனது ஒரு பரீட்சை. வெள்ளிக்கெழம உறுதிமொழி எடுத்தீங்க. சனிக்கெழம அத சோதிச்சுப் பாத்தேன். வேணும்னேதான் தேதிய மறைச்சேன். முந்நூறு பேருல ஒரே ஒரு ஆள்தான் பாஸ். யாரு தெரியுமா? நம்ம பள்ளி மாணவி ஆஷ்லின்."

முதலில் கைதட்டியவர் பள்ளி வேன் டிரைவர். அடுத்து தலைமையாசிரியர். பிறகு பிள்ளைகள். பிள்ளைகள் தட்டும்போது சும்மா இருந்தால் நன்றாக இருக்காது என்று பெரியவர்களும் தட்டினார்கள்.

நிலையத்து வாசலில் மூட்டை அடுக்கியவர்களில் ஒருவரான காத்தான் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "ஐயா, நெல்லு முளைச்சுப் போச்சுங்க."

"வருத்தமாத்தான் இருக்கு காத்தான். பரீட்சைன்னா ஃபெயில் ஆகுறவங்களும் இருப்பாங்க. அடுத்த தடவ தேதியப் பாத்துட்டுத்தானே அள்ளுவீங்க?"

"பாப்போங்க" என்று சொல்லிக் காத்தான் உட்கார்ந்துவிட்டார்.

ஆஷ்லினை மேடைக்குக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். 'உண்மை தேடும் செல்வி' என்று பிரின்ஸி மிஸ்ஸின் உருண்டைக் கையெழுத்தில் எழுதியிருந்தது. மிஸ் ஓரமாக நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெமிஜியஸையும் மேலே கூப்பிட்டுத் தாளாளருக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அரை மணியில் அது குரூப்பில் வந்தது. வலது மேல் மூலையிலும் தாளாளர் இருந்ததால், அந்தப் படத்தில் அவர் இரண்டு பேர்.

வீட்டுக்கு நடக்கும்போது காத்தான் சைக்கிளை நிறுத்தி, "நல்ல புள்ளயத்தான் பெத்திருக்க ரெமிஜியஸ். நம்ம எல்லாரையும் ஃபெயிலாக்கிட்டு அது ஒண்ணு பாஸாயிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். வாய்க்கால் மதகு வந்ததும் ரெமிஜியஸ் நின்றார்.

"பரீட்சைன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"இல்லப்பா."

"அப்புறம் எப்படி நீ மட்டும் கண்டுபுடிச்ச? மிஸ்ஸுக்குப் போன் பண்ணியே, அவங்க சொன்னாங்களா?"

"அப்பா, அது பரீட்சையே இல்ல. இப்ப மாட்டிக்கிட்டதும் அவரு மாத்திப் பேசுறாரு."

"அத்தன பேரு முன்னால மைக்குல சொல்றாரு. பொய் சொல்லுவாரா?"

ஆஷ்லின் சான்றிதழைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவர் முகத்தில் கோபம் இல்லை. மனத்தாங்கல்தான் இருந்தது.

"ஊருக்குச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க, சரி" என்றார். "பெத்த அப்பன்கிட்ட மட்டுமாவது நீ சொல்லியிருக்கலாம்."