முனி அடித்த வீடு

பிள்ளைப்பாக்கத்தில் கோதண்டராமன் வீட்டு ஆண்களுக்கு நெஞ்சுவலி என்று ஒன்று வந்ததே கிடையாது. வந்ததெல்லாம் வாயு. அதையும் மீறினால் முனி. அவனுடைய அப்பா உச்சி வெயிலில் வரப்பின்மேல் சுருண்டு விழுந்தார். ஒற்றைப் பனைமரத்து முனி அடித்துவிட்டது என்றார்கள். சில வருஷம் கழித்து அதே வயலில் அண்ணன் விழுந்தான். அப்போதும் முனிதான். கம்பெனிக்காரர்கள் அந்த வயலைக் கேட்டு வந்தபோது, கோதண்டராமனின் அம்மா சுந்தராம்பாள் மறுபேச்சில்லாமல் கைநாட்டு வைத்தாள். இரண்டு ஆம்பளைகளைக் காவு வாங்கிய நிலம், தொலைந்தது சனியன் என்றாள். மிஞ்சிய இரண்டு பிள்ளைகளும் இனிமேல் பிழைத்துக்கொள்வார்கள் என்று மனசார நம்பினாள்.

நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வாட்ச்மேன் வேலை என்று பேச்சு. சும்மா தூக்கிக் கொடுத்துவிடுவார்களா? முதலில் டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பார், சில கேள்வி கேட்பார். அப்புறம் மைதானத்தைச் சுற்றி ஓடிக் காட்ட வேண்டும். திருடன் வந்தால் துரத்த வேண்டாமா என்பது கம்பெனியின் நியாயம். நாற்பதைத் தாண்டியவனைத் திடுதிப்பென்று ஓடச் சொல்கிற நியாயத்தைப் பற்றி ஊரில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வேலை வேண்டுமே.

கோதண்டராமன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கான்வாஸ் ஷூ வாங்கிவந்து விடியற்காலையில் ரோட்டில் ஓடிப் பழகினான். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன அவன் மனைவி சரோஜா, ஒருநாள் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்பதைப் பார்த்தாள். அந்தக் குளிரிலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது தாடையை அழுத்திக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமா?"

"ஒண்ணுமில்ல. வாயு புட்ச்சிகினு கீது. தாடை வரைக்கும் இழுக்குது. ஒரு சோடா குட்சா ஏப்பத்துல பூடும்."

உட்கார்ந்ததும் வலி போய்விட்டது. மறுநாள் ஓடினான், மறுபடியும் வந்தது. சாப்பிட்டபின் வருவதல்லவா வாயு, வெறும் வயிற்றில் ஓடும்போது மட்டும் வருவானேன் என்று சரோஜாவுக்கு உறுத்தியது. யாரிடமும் சொல்லாமல் படப்பை ஆஸ்பத்திரிக்குப் போய், தெரிந்த நர்ஸ் சசிரேகாவிடம் சொன்னாள்.

"அவரோட அப்பா எப்பிடிம்மா செத்தாரு?"

"முனி அட்ச்சிருச்சிக்கா."

"அண்ணன்?"

"அதுவும் முனிதான்."

சசிரேகா சிரிக்கவில்லை. கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள்.

"சரோஜா, அது முனி இல்ல. ஹார்ட்டு. அப்பனுக்கு இருந்தா புள்ளைக்கும் வரும். இங்க மிசின் இல்ல. செங்கல்பட்டுக்கு இட்டுகினு போயி ஈசிஜி எடு. அதுவரைக்கும் ஓட வுடாத."

பஸ்ஸில் திரும்பும்போது சரோஜா ஒவ்வொரு சாவாகக் கூட்டிப் பார்த்தாள். முனி பனைமரத்தில் இருந்ததே இல்லை. இந்த வீட்டு ஆண்களின் நெஞ்சுக்குள்தான் குடியிருந்தது. நிலத்தை எழுதிக் கொடுத்ததால் அது போய்விடவில்லை.

கோதண்டராமன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "மிசின்ல காட்டி நோவு இருக்குதுன்னு சொல்லிட்டான்னா? நிலமும் பூட்ச்சி, வேலையும் பூட்ச்சின்னா மண்ணயா துன்றது? நீ வாயத் தொறக்காத" என்றான். கம்பெனி கேன்டீன் சூப்பர்வைசர் தாவீது ஏற்கெனவே ஊர் ஆட்களை உட்கார வைத்துப் பாடம் நடத்தியிருந்தார். டாக்டர் எதைக் கேட்டாலும் 'இல்ல சார்'. பாடம் அவ்வளவுதான்.

அந்த நாளும் வந்தது. பழைய வயலை மட்டம் தட்டி மைதானமாக்கி, ஓரத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். தாம்பரத்திலிருந்து வந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. கோதண்டராமனின் முறை வந்ததும் சரோஜா வேலியைத் தாண்டிப் போய் அவர்முன் நின்றாள். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

"சார், இவருக்கு ஓடுனா தாடை வலிக்குது. இவங்க அப்பாவும் அண்ணனும் திடீர்னு செத்தவங்க. ஓட வுடாதீங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு நிமிஷம், எல்லாம் சரியாகிவிடும் போலத்தான் இருந்தது. அதற்குள் சுந்தராம்பாள் வந்து சேர்ந்தாள்.

"அய்யா, அவ பயந்தவ, உளறுறா. என் வூட்டுக்காரரயும் புள்ளயயும் முனி அட்ச்சது. ஊரே பாத்துது. எங்க வூட்ல ஒருத்தருக்கும் நோவு கெடயாது."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அதில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

"உங்களுக்கு நெஞ்சுல வலி வருமா?" டாக்டர் கோதண்டராமனையே கேட்டார்.

"இல்ல சார்."

குழலை வைத்துப் பார்த்தார். சும்மா நிற்கிற மனுஷனின் நெஞ்சு சமர்த்தாக அடித்தது. பிரஷர் கொஞ்சம் கூடுதல், பயத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது. வரிசையோ பந்தலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. அவர் சரோஜாவை இன்னொரு தரம் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கோதண்டராமன் அவள் முகத்தைப் பார்க்காமல் மைதானத்தில் இறங்கினான். முதல் சுற்றில் வேலியோரம் வந்தபோது கோபம் தணிந்து லேசாகச் சிரித்தான்கூட. அடுத்த சுற்றில் சிரிப்பு இல்லை. அதற்கடுத்ததில் கை தாடைக்குப் போயிருந்தது.

"மாமா, நில்லு! போதும், நில்லு!" சரோஜா தொண்டை கிழியக் கத்தினாள். பெண்டாட்டி உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து, வேலியோரம் நின்ற அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். "ஓடு கோதண்டம், ஓடு!" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவன் ஓடினான். பிறகு முழங்கால் மடங்கி, முகம் மண்ணில் பட விழுந்தான்.

டாக்டர் ஓடிவந்து நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். பலிக்கவில்லை, உயிர் போய்விட்டிருந்தது. எழுந்தவர் சரோஜா பக்கம் திரும்பவே இல்லை. மட்டம் தட்டிய மண்ணில் பனைமரம் எங்கே நின்றது என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் அவன் விழுந்தது அந்த மரத்தடியில்தான் என்று ஊர் முழுக்கச் சத்தியம் செய்தது. மரத்தை வெட்டியதில் முனிக்குக் கோபமாம்.

காரியம் முடிந்தது. கம்பெனியில் இரக்கப்பட்டு, வேலையைத் தம்பி புருஷோத்தமனுக்கே தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். டாக்டர் பார்ப்பதும் ஓட்டமும் மட்டும் எல்லாருக்கும் பொதுவாம். அன்று சாயங்காலம் தாவீது வீட்டுக்கு வந்து அவனுக்குப் பாடம் நடத்தினார். உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த சரோஜாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"நெஞ்சு வலிக்குமான்னு கேப்பாரு."

"இல்ல சார்."

"வூட்ல யாருனா திடீர்னு செத்தாங்களான்னு கேப்பாரு."

புருஷோத்தமன் கொஞ்சம் தயங்கினான். "முனி அட்ச்சதயும் சொல்லணுமா?"

"அது நோவா? அதெல்லாம் சொல்லாத."

சரோஜா எழுந்து வெளியே வந்தாள்.

"மூணு பேரு செத்துட்டாங்கன்னு சொல்லு தம்பி. ஈசிஜி எடுக்காம ஓட மாட்டேன்னு சொல்லு."

யாரும் கோபிக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சுந்தராம்பாள் எழுந்து வந்து, அழுதுகொண்டே அவள் தோளை அணைத்துத் திருப்பினாள். "புருசன் போன துக்கம்ப்பா, பாவம் இன்னா பண்ணுவா" என்றாள் தாவீதிடம். "நீங்க உள்ள போயி படுங்க அண்ணி" என்றான் புருஷோத்தமன், அத்தனை பிரியமாக.

மறுநாள் விடியுமுன் அவன் அண்ணனின் கான்வாஸ் ஷூவைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டான். அளவு சரியாக இருந்தது. சுந்தராம்பாள் எலுமிச்சம்பழத்தை அவன் தலையைச் சுற்றிக் காலடியில் வைத்து நசுக்கச் சொன்னாள். முனி அண்டாமல் இருக்க. அவன் நசுக்கிவிட்டு ரோட்டில் இறங்கி ஓடினான். சரோஜா உள்ளே படுத்தபடி அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். புளியமரம் வரைக்கும் சீராகக் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது.