கழுத்தளவு

...வெட்டிவிடுங்கள் என்று சொல்ல மட்டும் இந்த அப்பாக்களுக்கு எங்கிருந்துதான் வாய் வருகிறதோ, கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து பிடித்தபடி, பெண்கள் பார்லருக்குள் வரலாமா கூடாதா என்று நெளிகிற இந்த மனிதர், மறு கைப்பிடியில் எட்டு வயது இருக்கும் மகள், அவளுக்கு இடுப்பு வரைக்கும் முடி, சிக்கும் சடையுமாக, ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றி எப்படியோ ஒப்பேற்றியிருக்கிறார்... கழுத்தளவுக்கு வெட்டணுமாம். ஏன் சார், இவ்வளவு நல்ல முடியை, என்று பார்லர்காரி கேட்டதும் அவர் குரலை இறக்கிக்கொண்டார். இவங்கம்மா தவறிட்டாங்க, ரெண்டு மாசமாச்சு, எனக்குத் தலை பின்ன வரல.

பின்ன வரல. வெல்டர் வேலையாம், கை முழுக்கப் பொறி பட்ட புள்ளிகள், இரும்பை ஒட்டவைக்க வருகிறது, மூன்று கற்றை முடியை மாற்றி மாற்றிப் போட வரவில்லை, நன்றாயிருக்கிறது கதை... பார்லர்காரியின் அப்பாவும் இப்படித்தானே, அம்மா போன சூட்டோடு, அடுத்த தெருவில் ஆண்கள் முடிவெட்டும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே பலகை போட்டு உட்காரவைத்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்க்க, கரக் கரக்கென்று... மறுநாள் பள்ளியில் அவளுக்குத் தம்பி என்று பெயர். அம்மாவும் போனாள், அம்மா வளர்த்த முடியும் போச்சு. அந்தக் கோபத்துக்கு இன்று முப்பது வயதுக்கு மேல் ஆகிறது, அண்ணன் வீட்டில் இருக்கும் அப்பாவை எப்போதாவது போய்ப் பார்ப்பாள், மாத்திரை போட்டீங்களா என்பாள், போட்டேம்மா என்பார், அதோடு சரி. இல்லை, இந்தக் குழந்தைக்கு அது நடக்கக் கூடாது, நடக்க விடமாட்டாள்.

கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். பின்னறது என்ன மலையைப் புரட்டுற வேலையா சார், இங்க வாங்க, நான் சொல்லித் தரேன் என்று அவரை மகளுக்குப் பின்னால் நிறுத்தினாள். சிக்கை நுனியிலிருந்து எடுக்கணும், மேலேயிருந்து இழுக்கக் கூடாது, மூணாப் பிரிங்க, இதை நடுவுல கொண்டுவாங்க, இப்ப அதை... நாக்கைக் கடித்துக்கொண்டு அவர் பின்னினார், முதல் தடவை கயிறு திரித்ததுபோல் வந்தது, அவிழ்த்து மறுபடி, இப்போது பரவாயில்லை, பாதி முதுகு வரை ஒழுங்காகவே இறங்கிவிட்டது, பார்த்தீர்களா, மனசு வைத்தால் வராதா, அந்தக் காலத்தில் தன் அப்பாவையும் யாராவது இப்படி நிறுத்தியிருந்தால்... கண்ணாடியில் பார்த்தாள். சிறுமி தோள்களைக் காது வரை தூக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தாள். இமையோரத்தில் கண்ணீர்.

"வலிக்குதா பாப்பா?"

இல்லை என்று தலையாட்டினாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"நான்தான் வெட்டச் சொன்னேன். பின்னாடி நின்னு யாரு முடியைத் தொட்டாலும் அம்மான்னு நினைச்சுடறேன். திரும்பிப் பார்த்தா அம்மா இல்ல."

அவர் கையிலிருந்து பின்னல் தானாக அவிழ்ந்தது. அவர் மெதுவாக, அவகிட்ட யாரும் துருவிக் கேட்கக் கூடாதுன்னு பார்த்தேன், எனக்கு வரலன்னு சொல்லிட்டா என்னைத் திட்டிட்டு விட்டுடுவாங்கல்ல என்றார்.

பார்லர்காரி கத்தரிக்கோலை எடுத்தாள், பாப்பா தலையைக் குனிஞ்சுக்கோ என்றாள், வெட்டினாள், கழுத்தை ஒட்டி ஒரே நேராக வெட்டினாள், நல்லதாக ஒரு வேலையாவது இன்று செய்வோம் என்று. முடிந்ததும் சிறுமி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தாள், தோள்கள் இறங்கின, கனமே இல்லப்பா என்றாள். போய்விட்டார்கள்.

துடைப்பத்தை எடுத்தவள் நின்றுவிட்டாள். வெட்டிடுப்பா... யாரோ சொன்னார்களே அன்றைக்கு, அத்தை சீப்பை வைத்துக்கொண்டு கூப்பிட்டதும், அவள் அவிழ்ந்த முடியோடு தெருவுக்கு ஓடியதும் நினைவிருக்கிறது, பிறகு வெட்டிடுப்பா என்று ஒரு குரல், அத்தையுடையதா, இல்லை அத்தை ஏன் அப்பாவை அப்பா என்கிறாள், ஆனால் அக்கா தம்பியைக்கூட அப்படிச் செல்லமாகச் சொல்வதுண்டே... தெரியவில்லை, எத்தனை உற்றுக் கேட்டாலும் அது அத்தையின் குரலா தன் குரலேதானா என்று பிடிபடவில்லை. மற்றது தெளிவாகத் தெரிகிறது, வெட்டி முடித்துக் கூட்டி வந்த அன்று வீடு நிறைய உறவுக்காரர்கள், பெண்பிள்ளையை இப்படியா மொட்டையாக்குவே, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று ஆளாளுக்குக் கேட்க, அப்பா சுவரோரமாக, வாயே திறக்காமல் நின்றார். குற்றம் செய்தவன் எப்படிப் பேசுவான் என்றுதான் அன்றைக்கு அவள் நினைத்தாள், இத்தனை வருடமும் அப்படியே நினைத்திருந்தாள்... வேறு எதற்காகவாவது ஒரு மனிதன் அப்படி நிற்பானா என்ன?