கிழங்கு விட்ட மூச்சு

ஒரகடம் தொழிற்சாலை கேன்டீனில் காய்கறி வைக்கும் இரும்புக் கன்டெய்னருக்கு, பொங்கல் விடுமுறைக்கு முன்னால் முப்பிடாதிதான் டேப் ஒட்டினாள். எலி நுழைந்துவிடக் கூடாதென்று கதவிடுக்கு, காற்றுத் துளை எதையும் விடவில்லை. உள்ளே எண்பது மூட்டை உருளைக்கிழங்கு.

பத்து நாள் கழித்துக் கதவைத் திறந்ததும், ஸ்டோர்கீப்பர் கோபால் வழக்கம்போல வாசலுக்குள் சூடம் ஏற்றினார். சுடர் அணைந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடியும் அணைந்தது. வெதுவெதுப்பான ஆவி அவள் முகத்தில் பட்டது, யாரோ நெருங்கி நின்று மூச்சு விடுவதுபோல.

“காத்தே அடிக்கலியே அண்ணாச்சி, பொறவு எப்படி அணையுது?”

கோபால் அவளைப் பின்னால் இழுத்தார். “உள்ள போவாத! கெழங்குக்கு உயிர் கீதும்மா. இருந்த காத்தயெல்லாம் அதுவே இழுத்துக்கிச்சி.”

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது அவளுக்கு நினைவு வந்தது. செல்கள் ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரையை எரித்து ஆற்றல் எடுக்கும். கரியமில வாயுவை வெளியே விடும். எண்பது மூட்டைக்குள் கோடானுகோடி செல்கள், இருட்டில், பத்து நாளாக.

மின்விசிறி வைத்து வெகுநேரம் கழித்தே உள்ளே போனார்கள். மூட்டைகள் இன்னும் உடம்புச் சூட்டில் இருந்தன. பின்சுவரின் காற்றுத் துளையில், அவள் வெளியிலிருந்து ஒட்டிய டேப்பில் மூக்கை அழுத்தியபடி ஓர் எலி செத்துக் கிடந்தது.