பிரிக்காத பைகள்

சின்னவள் காரிலிருந்து இறங்குவதற்குள் அக்கா வாசலுக்கு வந்துவிட்டாள். காலில் செருப்பு. தோளில் கைப்பை. பின்னால் கூடத்தில் அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

“உள்ள வராத. அப்படியே கிளம்பிடலாம்.”

“விடிஞ்சதுல இருந்து வண்டி ஓட்டிட்டு வரேன். ஒரு வாய் தண்ணி கூடக் கிடையாதா?”

“கார்ல பாட்டில் வெச்சிருப்பியே.”

“வெச்சிருக்கேன். அது வெந்நீராயிடுச்சு.”

அக்கா மனமில்லாமல் உள்ளே போனாள். டம்ளர்கள் பெட்டிக்குள் போய்விட்டதால் மாவு அளக்கும் குவளையில் தண்ணீர் வந்தது. சின்னவள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“லாரி எப்ப வரும்?”

“வந்துட்டே இருக்கானாம். அப்படித்தான் சொல்லுவான். நாம முன்னாடி போயிடலாம் மூக்கு. சாவியை நிலைமேல வெச்சுட்டா அவனே ஏத்திட்டு வந்துடுவான்.”

மூக்கு என்பது அக்கா வைத்த பெயர். சின்னவள் நகரத்தில் ஒயின் கடை வைத்திருந்தாள். பெயர் போன ஒயின்களெல்லாம் கடையின் முன்பக்கம். பின்சுவரில் யாரும் கேட்காத வட்டாரங்களின் புட்டிகள், யாரும் மதிக்காத திராட்சை வகைகள். முன்பக்கம் அவளுக்குச் சோறு போட்டது. அவள் உயிரை வைத்திருந்தது பின்சுவரில். கண்ணைக் கட்டிக் கோப்பையைக் கொடுத்தால், திராட்சை எது, மலையின் எந்தப் பக்கம் விளைந்தது என்று சொல்லிவிடுவாள்.

அக்காவின் கணவரான அத்தான் தன் திராட்சையில் செய்த ஒயினும் அந்தச் சுவரில்தான் இருந்தது. வெள்ளைத் திராட்சை. நாற்றுப்பண்ணைக்காரர்கள் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, எண்தான். அத்தான் அதை முசுடு என்பார். பொருத்தமான பெயர். மற்றத் திராட்சைகளின் பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கும், தன்னால் காய்க்கும். முசுடின் பூ வெறும் பெண். பக்கத்தில் வேறு வகைக் கொடி நின்று மகரந்தம் தந்தால்தான் காய் பிடிக்கும். இல்லாவிட்டால் குலை முழுக்க மிளகளவு பச்சை மணிகள் நிற்கும், விதையில்லாமல், சாறில்லாமல். அந்த மலையில் எல்லோரும் முசுடைப் பிடுங்கிவிட்டு ஆப்பிள் வைத்தார்கள். அத்தான் மட்டும் பிடுங்கவில்லை.

பிறகு துணைக்கு நின்ற கொடிகளில் நோய் விழுந்தது. அவற்றை வேரோடு எடுத்து எரித்தார். அதன்பின் பூக்கும் பருவத்தில் தூரத்து நண்பர் ஒருவரிடம் மகரந்தம் வாங்கிவந்து, மாத்திரை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு, பெயிண்ட் பிரஷால் ஒவ்வொரு பூங்கொத்தையும் தடவிக்கொடுத்தார். கொடிக்கு ஒரு கொத்தை மட்டும் தொடாமல் விடுவார். எது கொடியின் வேலை, எது தன் வேலை என்று தெரிய வேண்டுமாம்.

போன குளிர்காலத்தில் அவர் இறந்தார். ஆஸ்பத்திரியில் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கொடி காய்ச்சுட்டிருக்கிற வரைக்கும் இங்கேயே இருப்பியா என்று கேட்டார். அக்கா சரி என்றாள். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டப்பாவைக் குப்பையில் போட்டாள். கொடி பூக்கும், காய்க்காது. காய்க்காவிட்டால் போய்விடலாம், வாக்கும் கெடாது. காய்க்காமல் அறுவடைப் பருவம் ஆனதும் தங்கை வீட்டு மாடி அறைக்கு வந்துவிடுவது என்று பேச்சு. அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. போனில் அக்காவின் குரல் மாதத்துக்கு மாதம் மெலிந்துகொண்டே வந்தது. இன்னொரு குளிர்காலத்தை அந்த வீட்டில் தனியாகக் கழித்தால் ஆள் மிஞ்சமாட்டாள் என்று சின்னவள் பயந்தாள். அழைத்துப் போகத்தான் வந்திருந்தாள்.

குவளையைத் திருப்பிக் கொடுத்தாள். “கடைசியா ஒரு தடவை தோட்டத்தைப் பாத்துட்டு வந்துடறேன்.”

“அங்க ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாததைத்தான் பாக்கறேன். உனக்கென்ன?”

“வேணாம்டி.”

அதற்குள் சின்னவள் வீட்டின் மூலை திரும்பிவிட்டாள்.

சரிவில் கொடிகள் வரிசை வரிசையாக நின்றன. இலைகள் பழுத்திருந்தன. கொடிகளெங்கும் பழுப்புக் காகிதப் பைகள் தொங்கின. ரொட்டிக்கடையில் தரும் பை. வாயைச் சுருக்கிச் சணலால் கட்டியிருந்தது. எல்லாப் பையும் உப்பியிருந்தது. கனம் தாங்காமல் கிளைகள் வளைந்திருந்தன. காற்று இல்லை. இரண்டாம் வரிசையில் ஒரு பை மட்டும், யாரோ இப்போதுதான் கையை எடுத்த மாதிரி, மெல்ல ஆடி நின்றது.

அக்கா மூச்சிரைக்கப் பின்னால் வந்து நின்றாள்.

“நீயா கட்டின?”

“பூ விரியறதுக்கு முன்னாடியே கட்டிட்டேன். எங்கேயிருந்தாவது ஒரு தேனீ தூக்கிட்டு வந்துட்டா? காத்துல வந்துட்டா? அதான் ஒண்ணு விடல. என் முடிச்சுதான். பாரு.”

சின்னவள் பார்த்தாள். அக்கா அட்டைப்பெட்டிக்கும் அப்படித்தான் முடிச்சுப் போடுவாள், இரண்டு சுற்று, ஒரு இழுப்பு. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, சணல் காகிதத்தோடு ஒட்டியிருந்தது. யாரும் அவிழ்த்திருக்க முடியாது.

“உள்ள என்ன இருக்கு?”

“தெரியாது.”

“இவ்ளோ பெருசா தொங்குது. தெரியாதா?”

“பிரிச்சுப் பாக்கல. பாக்காத வரைக்கும் காய்க்கலதானே?”

சின்னவள் திரும்பினாள். அக்கா விளையாடவில்லை. சின்னவளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஜில்லென்று இருந்தது.

“நல்லா யோசிச்சுட்டேன். யாரும் பாக்கலைன்னா காய்க்கல. பொய் சொன்னதாகாது. வா, போயிடலாம். சின்ன வயசுல இருந்து நான் சொன்னது எதையும் நீ கேட்டதில்ல. இதை ஒண்ணைக் கேளு.”

போகத்தான் நினைத்தாள். பின்னால் பலமுறை அவள் தனக்கே சொல்லிக்கொண்டது அதுதான்: போகத்தான் நினைத்தேன். ஆனால் எதிரில் தொங்கிய பையிலிருந்து ஒரு வாசனை வந்தது. முதலில் பேரிக்காய்த் தோல். அது முசுடின் வாசனை, தெரிந்ததுதான். அதற்கடியில் வேறு ஏதோ இருந்தது. அவள் மூக்கைப் பையோடு சேர்த்தாள். பெயர் நாக்கு நுனியில் நின்றது. இன்னும் கொஞ்சம் கிடைத்தால் சொல்லிவிடலாம்.

அவள் கை காகிதத்தைக் கிழித்தது.

குலை நெருக்கமாக, கனத்து, மஞ்சளாக இருந்தது. வெயில் பட்ட இடத்தில் தேன் நிறம். அத்தான் இருந்த நாளிலும் முசுடு இப்படிக் காய்த்ததில்லை. ஒரு பழத்தைக் கிள்ளிக் கடித்தாள். விதைகள் பல்லில் பட்டன. முற்றிய விதைகள். கட்டிய பைக்குள் மகரந்தம் போயிருக்கிறது.

“பிரிச்சுட்டியா” என்றாள் அக்கா. முகத்தைக் கையால் மூடியிருந்தாள்.

சின்னவள் அடுத்த பையைத் தூக்கிப் பார்த்தாள். கனம். அதற்கடுத்ததும் கனம். நாலாவது பை இறகு மாதிரி வந்தது. வெறும் காற்றுதான் உப்பவைத்திருந்தது. கிழித்தால் மிளகளவு பச்சை மணிகள். பக்கத்துக் கொடிக்குப் போனாள். அங்கும் கனமான பைகளுக்கு நடுவில் ஒன்று லேசாக இருந்தது. அதற்கடுத்த கொடியிலும் ஒன்று. வரிசை முடியும்வரை தூக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். கொடிக்கு ஒன்று. ஒன்றே ஒன்று. தொடாமல் விட்டது.

முதுகில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அவள் வந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல” என்று அக்காவின் குரல் வந்தது. கையை முகத்திலிருந்து எடுக்கவில்லை. “நீதான் பாத்த. நான் பாக்கல. என் கையைப் பிடிச்சுக் கார்ல உக்கார வெச்சுடு. கண்ணை மூடிக்கிட்டே வரேன்.”

வாசல் பக்கம் ஹாரன் அடித்தது. லாரிக்காரர் வீட்டைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார். தொப்பை முன்னால், ஆள் பின்னால்.

“என்னங்கம்மா, தோட்டம் பூரா பொட்டலம் கட்டித் தொங்க விட்டிருக்கீங்க? யாருக்கு விருந்து?”

யாரும் சிரிக்கவில்லை.

“சரி, ஏத்தவா?”

“ஏத்துங்க” என்றாள் அக்கா.

“ஒரு நாள் இருங்க” என்றாள் சின்னவள்.

“எங்க வீட்லயும் இப்படித்தான். நானும் என் பொண்டாட்டியும் ஒரு கட்டில் வாங்கப் போனா ரெண்டு கடையில ரெண்டு பேரு நிப்போம். ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா.”

சின்னவள் கையிலிருந்த குலையைப் பார்த்தாள். அந்த வகையைத் தேடி அவள் போகாத மலையில்லை. இப்படி ஒரு பழத்தை அவளும் பார்த்ததில்லை, யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இன்னும் சில நாட்களில் பறவைகள் வந்துவிடும். மிச்சத்தைப் பூஞ்சை தின்றுவிடும். வாயில் அந்தப் பெயரில்லாத வாசனை இன்னும் இருந்தது.

“நாளைக்கு வாங்கண்ணே” என்றாள் லாரிக்காரரிடம். பிறகு அக்காவிடம், “ஒரே நாள். பறிச்சுப் பிழிஞ்சுட்டுப் போயிடுவோம். நீ ஒண்ணும் செய்ய வேணாம். உள்ள போய் உக்காரு.”

“பறிச்சா காய்ச்சதா ஆயிடும்டி.”

“இதையெல்லாம் வீணா விட முடியாதுக்கா. உனக்குத் தெரியாது, இது என்னன்னு.”

“எனக்கா தெரியாது?” என்றாள் அக்கா.

கையை எடுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

சின்னவள் தனியாகத்தான் பறிக்க ஆரம்பித்தாள். சமையலறைக் கத்தரிதான் கிடைத்தது. காம்பை நீளமாக விட்டு வெட்டினாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “கடை வெச்சிருக்கா, கத்தரி பிடிக்கத் தெரியல” என்று வைதுகொண்டே வந்து கத்தரியைப் பிடுங்கினாள். அதன்பின் வேகமாக நடந்தது. ஒரு பை, ஒரு கிழி, ஒரு வெட்டு. லேசான பைகளை அக்கா தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. கை தானாகத் தாண்டிப் போனது. எது லேசு என்று அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று சின்னவள் கேட்கவில்லை.

பிழிந்து பீப்பாயில் ஊற்றினார்கள். பீப்பாய் வைத்திருந்த குளிர்ந்த அறையில் சாதாரணமாகச் சாறு நுரைக்கத் தொடங்க நாட்கள் ஆகும். அன்று அவர்கள் கை கழுவி முடிப்பதற்குள் நுரைத்தது.

மறுநாள் லாரி வந்தது. நுரை பொங்கும்போது விட்டுவிட்டுப் போக முடியாது என்று சின்னவளே வெளியே போய்ச் சொன்னாள். லாரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார். அடுத்த முறை வரவில்லை.

அவள் கடைக்குப் போன் பண்ணிப் பூட்டச் சொன்னாள். நுரை அடங்கட்டும். அப்புறம் தெளியட்டும். ஒரு மதியம் மேலறையில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தாள். கழற்றி வைத்திருந்த கட்டிலை அக்கா தனியாகப் பூட்டிக்கொண்டிருந்தாள். திருப்புளியை வாயில் கவ்வியிருந்தாள். அப்படியே ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வேறு இருந்தாள்.

பீப்பாயின் வாயில் காதை வைத்தால் உள்ளே மெல்லிய சத்தம் கேட்டது. எல்லாப் பீப்பாயிலும் கேட்பதுதான். இதில் மட்டும், பக்கத்து அறையில் யாரோ தாழ்ந்த குரலில் பேசுவது போலிருந்தது. அக்கா முக்காலியைப் போட்டுக்கொண்டு பீப்பாயில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். சின்னவள் கதவருகே நின்று பார்ப்பாள். அக்கா ம் கொட்டிக்கொண்டிருப்பாள். சில இடத்தில் “அப்படியா” என்பாள். அவள் கன்னத்தில் சதை வந்திருந்தது.

சத்தம் நின்ற அன்று சின்னவள் பெட்டிகளை மறுபடி கட்ட ஆரம்பித்தாள்.

“கிளம்பலாம்க்கா. பனி விழறதுக்கு முன்னாடி மலை இறங்கிடணும்.”

“பீப்பாயை யார் பாப்பா?”

சின்னவளிடம் பதில் இருந்தது. யாராவது பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தப் பதில். பீப்பாயின் மரம் ஒயினைக் குடித்துக்கொண்டே இருக்கும். குறைந்த இடத்தில் காற்று உட்காரும். வாரந்தோறும் நிரப்பாவிட்டால் காடியாகிவிடும். கடையில் நடத்தும் ஒயின் வகுப்பில் அவளே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

“ஊத்திடலாம்க்கா. தரையில ஊத்திட்டுப் போயிடலாம்.”

சொல்லும்போதே தன் குரலில் பலமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது.

“ஊத்தேன்” என்றாள் அக்கா. அடைப்பைக் கழற்றிக் கொடுத்தாள். “நீதானே பிரிச்ச. நீயே ஊத்து.”

அடைப்பு திறந்ததும் வாசனை வந்தது. பேரிக்காய்த் தோல். ஈரக் கல். அதற்கடியில், இத்தனை நாள் அவள் பெயர் தேடிய அது. இப்போது தெரிந்தது. பழத்தின் வாசனையே இல்லை அது. ஆள் இருக்கிற அறையின் வாசனை. இப்போதுதான் எழுந்து போன நாற்காலியின் சூடு. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட அதிகமாக வாயில் நீர் ஊறியது.

அக்கா கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சி ஒரு கோப்பையில் விட்டாள். சின்னவள் குடித்தாள். ஒயினை வாயில் வைத்துத் துப்புவதுதான் அவள் தொழில். துப்பவில்லை.

“நீ கிளம்பு மூக்கு” என்றாள் அக்கா, பிரியமாக. “உனக்குக் கடை இருக்கு. நான் எங்கேயும் வரல.”

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் சின்னவள் இழுத்துக்கொண்டு போயிருப்பாள். வெளியே தோட்டத்தில் இலையெல்லாம் உதிர்ந்து, கொடிகள் வெறும் கம்பியாக நின்றன. முதல் பனி ஜன்னலில் ஒட்டத் தொடங்கியிருந்தது. இப்போது புறப்பட்டால் பாதை அடைபடுவதற்குள் இறங்கிவிடலாம். அக்காவின் கையைப் பிடித்தால் போதும், அந்தக் கை லேசாகத்தான் இருக்கும்.

“இன்னும் கொஞ்சம்” என்று சின்னவள் கோப்பையை நீட்டினாள்.