மங்கலில் முரண்டு பிடித்த விளக்கு

வீட்டில் பரமசாதுவாக இருந்துவிட்டு, சோதனைக்கூடத்துக்கு வந்ததும் காலை வாரிவிடுகிற விளக்கை என்னதான் செய்வது? அண்ணி தலையைப் பிய்த்துக்கொண்டாள். சர்க்யூட் அவளுடையது. பெட்டியும் மூடியும் அவள் நாத்தனார் வாண்டுவின் கைவேலை. பக்கத்தில் இருக்கும் ரேடியோவைக் கரகரக்க வைக்காத விளக்கைத்தான் விற்கலாம் என்பது விதி. இரண்டு முறை தோற்றாயிற்று. இன்றும் தோற்றால் பட்டறையை மூடிவிடுவது, எங்கோ தொலைவில் கிடைத்திருக்கும் வேலைக்கு வாண்டு கிளம்பிவிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். அவள் போய்விட்டால் அப்புறம் யாரோடு சண்டை போடுவது? அண்ணிக்கு அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்வாளா, மாட்டாள்.

சோதனைக்காரர் தங்கமான மனிதர். விளக்கை அளவுக்கருவியின் முன் வைத்து எரியவிட்டார். பிறகு குமிழைத் திருகி வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, கனத்த கதவைச் சாத்த வந்தார்.

"சார், எப்பவும் குறைச்சுட்டுதான் சாத்துவீங்களா?"

"கண்ணு கூசுதும்மா. ஏன்?"

அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். வீட்டில் அவள் பார்த்ததெல்லாம் முழு வெளிச்சத்தில். அப்போது விளக்குக்குள் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் பக் கன்வர்ட்டர் ஒரே சீராகத் துடிக்கும். அந்தத் துடிப்பின் இரைச்சலை வடிகட்டவென்றே அவள் ஃபில்டர் போட்டிருந்தாள். வெளிச்சம் குறைந்துவிட்டாலோ, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று கன்வர்ட்டர் துடிப்புகளை விட்டுவிட்டு, தோன்றியபோது துடிக்கும் முறைக்கு மாறிவிடும். அந்த இரைச்சல் ஃபில்டருக்கு எங்கே அகப்படும்?

முழு வெளிச்சத்திலேயே வைக்கச் சொன்னால் தேறிவிடுமே என்று வாண்டு காதைக் கடித்தாள். அண்ணிக்கும் சபலம் தட்டாமல் இல்லை.

"பிள்ளைய தூங்க வைக்கிறவ முழுசாவா எரிய விடுவா? ஒப்புக்கு பாஸ் வாங்கி என்ன பண்றது?"

அங்கிருந்த மேசையிலேயே சால்டரிங் இரும்பைச் சூடாக்கினாள். எப்போதும் ஒரே சீராகத்தான் துடிக்க வேண்டும் என்று கன்வர்ட்டருக்குக் கட்டளையிடும் அதன் உலோகக் காலில் ஒரு சின்னக் கம்பியைப் பற்றவைத்தாள். மங்கலில் கொஞ்சம் மின்சாரம் வீணாகும், போகட்டும்.

பிறகு கதவு சாத்தப்பட்டது. வாண்டு திரையைப் பார்க்கமாட்டேன் என்று சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். இரைச்சலைக் காட்டும் பச்சைக்கோடு, வரம்பான சிவப்புக்கோட்டை நோக்கி ஏறி, சமர்த்தாகக் கீழேயே நின்றது. மங்கலில் ஒரு முறை, முழு வெளிச்சத்தில் ஒரு முறை, இரண்டிலும் பாஸ் என்றார் சோதனைக்காரர். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை.

வேலை கொடுத்தவர்களிடம் வரவில்லை என்று உடனே சொல்லிவிடு என்று வாண்டுவை உலுக்கினாள்.

"அதெல்லாம் காலையிலேயே சொல்லிட்டேன் அண்ணி."

"அடிப்பாவி. இன்னிக்கும் தோத்திருந்தா?"

"நாலாவது தடவை வந்திருப்போம்."

திட்டத்தான் வாயைத் திறந்தாள் அண்ணி. சிரிப்பும் அழுகையும் முந்திக்கொண்டு வந்துவிட்டன.